பிறர் வலியை நாம் ஒப்புக்கொடுக்கலாமா?

பங்குத்தந்தையாக நான் பொறுப்பேற்ற முதல் ஊர் அது. ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நடுவயதுப் பெண்மணி ஒருவர் சக்கிறீஸ்து வாயிலில் வந்து நின்றார். அவருடைய தாய்க்கு மார்பகப் புற்றுநோய். அது முதுகெலும்புவரை பரவிவிட்டதால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தனர். தலைவெள்ளிதோறும் அந்த மூதாட்டிக்கு நற்கருணை கொண்டுசென்றவன் நான். வந்து நின்ற மகளின் கையில் சிறிய காகித உறையொன்று இருந்தது.

“சாமி, அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில இந்த மாத்திரையக் குடுத்திருக்காங்க. அபினியிலருந்து எடுக்கிறதாம். குடுத்தா பாவமில்லையா, சாமி?”

உறைக்குள் இருந்தவை மார்ஃபின் மாத்திரைகள். நான் சற்று யோசித்துவிட்டுச் சொன்ன விடை இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “அவசரப்படவேண்டாம் அம்மா. போதை மருந்து ஒருமுறை பழகினால் விடாது. நல்ல மரணத்துக்குத் தெளிந்த நினைவு வேண்டும். முடிந்தவரை தாங்கிக்கொண்டு, ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள்” என்றேன். அவர் உறையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “சரி, சாமி” என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த விடையில் மூன்று கருத்துகள் வெளிப்படையாக இருந்தன: மருந்து மனிதனை அடிமையாக்கும், மருந்து அறிவை மழுங்கச் செய்யும், வலியைத் தாங்குவது புண்ணியம். சொல்லாமல் விட்ட நான்காவது கருத்தும் ஒன்றுண்டு: அந்த மருந்து மரணத்தை விரைவுபடுத்துமோ என்னும் அச்சம். இந்த நான்கும் நம் பங்குகளில் இன்றும் உலவுகின்றன. படித்தவர் நாவிலும் உலவுகின்றன. மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் உலவுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரைத்துப் பார்ப்பது நம் கடமை என்று கருதுகிறேன். தவறான விடையைச் சொன்னவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கடமை சற்றுக் கூடுதலாகவே உண்டு.

செடியும் மருந்தும்

நம் வீடுகளில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால்தான் உறைந்து அபினியாகிறது. விதை உணவாகிறது, பால் மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்றும், அறிவுள்ளவர் அவற்றை வெறுத்து ஒதுக்கமாட்டார் என்றும் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. அந்தப் போதனைக்கு இந்தச் செடி விலக்கா? அப்படி அந்நூல் எங்கும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் பாடர்போர்ன் நகரின் மருந்தகமொன்றில் பணியாற்றிய செர்ட்டூர்னர் என்னும் இளைஞர், 1804, 1805-ஆம் ஆண்டளவில் அபினியிலிருந்து அதன் வலிதணிக்கும் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்தார். அவருடைய விரிவான கட்டுரை 1817-இல் வெளியாயிற்று. கனவுகளுக்குரிய கிரேக்கத் தெய்வமான மார்ஃபியசின் பெயரை ஒட்டி அச்சாரத்துக்குப் பெயர் அமைந்தது. அதுவரை அபினியைக் கொடுத்த மருத்துவருக்கு, ஒரு சிட்டிகையில் எவ்வளவு வலிமை உண்டென்று தெரியாது. ஒருமுறை போதாமற் போகும். மறுமுறை உயிரைப் பறிக்கும். சாரம் பிரிந்த பின்னர்தான் அளந்து கொடுப்பது கைகூடியது. இந்த மருந்தின் நன்மை அனைத்தும் ‘அளவு’ என்ற சொல்லில் அடங்கியிருப்பதைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்வோம்.

இம்மருந்து உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதும் வியப்புக்குரியது. மூளையிலும் தண்டுவடத்திலும் இதற்கென்றே அமைந்தாற்போன்ற ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல மார்ஃபின் அவற்றில் பொருந்துகிறது. செடியின் பாலுக்கு மனித உடலில் பூட்டு எப்படி வந்தது? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்னும் அறிவியலார் இதற்கு விடை கண்டனர். நம் உடலே அத்தகைய வலிதணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. பூட்டு அவற்றுக்காக அமைந்தது. ஆகவே, வலியைத் தணிக்கும் ஏற்பாட்டைப் படைத்தவரே உடலில் வைத்திருக்கிறார். வலி முழுவதையும் தாங்கவேண்டும் என்பதே அவருடைய திருவுளம் எனில், இந்த ஏற்பாடு எதற்கு?

உலக நலவாழ்வு நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு ஒரு முறையை வகுத்தது. மெல்லிய வலிக்குப் பாரசிட்டமால் போன்ற எளிய மாத்திரைகள். அதற்கு அடங்காவிட்டால் கோடீன் போன்றவை. கடும் வலிக்கு மார்ஃபின். இதை ஏணியின் மூன்று படிகள் என்பர். மருந்தை இயன்றவரை வாய் வழியாகக் கொடுக்கவேண்டும். வலி வந்து துடிக்கும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வலி மீண்டும் தலைதூக்குமுன் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, வலி அடங்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுவது முறை.

தீமைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். ஆகையால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கொடுப்பர். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கமும் இருக்கும். பெரும்பாலும் பின்னர் குறையும். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மருந்தின் எச்சம் தங்கிவிடும். அளவு மீறினால் மூச்சு மெதுவாகி, நின்றும் போகும். மதுவோடும் தூக்க மாத்திரைகளோடும் சேர்ந்தால் அந்த ஆபத்து பெருகும். அளவு மீறியதற்கு மாற்றாக நாலக்சோன் என்னும் மருந்து உண்டு. ஆயினும் அது உரிய நேரத்தில் கைக்கெட்ட வேண்டுமே! எனவே, பிள்ளைகளுக்கும் பிறருக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டிய மருந்து இது என்பதில் ஐயமில்லை. பூட்டி வைப்பது வேறு. நோயாளிக்கே எட்டாமல் பூட்டிவிடுவது வேறு.

அடிமைத்தனம் என்னும் அச்சம்

முதல் கருத்துக்கு வருவோம். இம்மருந்து மனிதரை அடிமையாக்குமா? ஆக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு நிலைகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். பல வாரங்கள் மார்ஃபின் உட்கொண்டவரின் உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். படிப்படியாகக் குறைத்தால் இவை வாரா. இது உடலின் பழக்கம். அடிமைத்தனம் என்பது வேறு: தனக்கும் குடும்பத்துக்கும் கேடு விளைவது கண்டும், மனம் அதையே நாடி அலைவது. முன்னது ஏறத்தாழ எல்லாருக்கும் நேரும். பின்னது, முற்றிய புற்றுநோயின் வலிக்காக முறையான கண்காணிப்பில் மருந்து பெறுவோரிடம் அரிதாகவே காணப்படுகிறது என்பது வலிதணிப்பு மருத்துவர்களின் அனுபவம். தவிரவும், சில வாரங்களே வாழப்போகும் மூதாட்டி அடிமையாகிவிடுவார் என்று நான் அஞ்சியது, இன்று நினைத்தால் எனக்கே நாணமாக இருக்கிறது.

எனினும், அச்சமே வேண்டாம் என்று சொல்லுவதும் பொய்யாகும். வரலாறு அதைக் கண்ணீரோடு கற்பித்திருக்கிறது. 1898-இல் பேயர் நிறுவனம் மார்ஃபினிலிருந்து செய்த ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியபோது, இது மார்ஃபினைப்போல் அடிமையாக்காது என்ற நம்பிக்கையோடு அது பரப்பப்பட்டது. ஹெராயின் பின்னர் என்னவாயிற்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நூறு ஆண்டுகள் கழித்து அதே கதை மீண்டும் நடந்தது. 1980-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் மிகச் சிறிய கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் இத்தகைய மருந்துகள் பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வரே அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்பதே அதன் செய்தி. மருத்துவமனைக் கட்டிலில், பிறர் கண்காணிப்பில் சில நாட்கள் பெற்ற மருந்தைப் பற்றிய செய்தி அது. அதையே எடுத்து, எவருக்கும் எத்தனை மாதமும் கொடுக்கலாம் என்பதற்குச் சான்றாகப் பலரும் காட்டினர். 1996-இல் பர்டியூ ஃபார்மா நிறுவனம், மார்ஃபினின் இனத்தைச் சேர்ந்த ஆக்சிகோன்டின் என்னும் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்து, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும்கூடக் கொடுக்கும்படி மருத்துவர்களை ஊக்குவித்தது. அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதற்காக 2007-இல் குற்றவியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2020-இல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மருத்துவர் சீட்டில் தொடங்கிய இந்தத் தீ, பின்னர் ஹெராயினாகவும் கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட ஃபென்டானிலாகவும் பரவியது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைப் பொருள்களால் அந்நாட்டில் 80,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றத்துக்குப் பத்து ஆண்டுகளுக்குக் குறையாத கடுங்காவல் என்றது அந்நாளைய சட்டம். மருத்துவப் பயனை அது தடைசெய்யவில்லை. ஆனால், மருத்துவமனை சிறிதளவு மார்ஃபின் வைத்திருக்கவும் பல துறைகளின் பல உரிமங்கள் தேவைப்பட்டன; ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். தண்டனைக்கு அஞ்சிய மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் இம்மருந்தையே கைவிட்டன. நாட்டில் மருத்துவத்துக்காகச் செலவான மார்ஃபினின் அளவு அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதலபாதாளத்துக்கு வீழ்ந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைத் தொடாமலே பட்டம் பெற்றார்கள். மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் அனுமதியோடு அபினி விளைகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அதைப் பக்குவம் செய்கின்றன. உலகின் பிற நாடுகளுக்கு அபினி அனுப்பிய நாட்டில், சொந்த மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மாண்டார்கள். 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே எளிய விதிமுறை வந்தது. சட்டம் இளகிவிட்டது, மனம் இன்னும் இளகவில்லை.

உலக அளவிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் அறிக்கைப்படி, ஆண்டுதோறும் உலகில் பங்கிடப்படும் இவ்வகை மருந்துகள் மார்ஃபின் கணக்கில் ஏறத்தாழ 299 டன். அதில் மிக வறிய நாடுகளைச் சென்றடைவது 0.1 டன். செல்வன் வீட்டு வாயிலில் இலாசர் இன்றும் கிடக்கிறான். புண்ணைத் தேற்றும் மருந்து மேசையிலிருந்து சிந்தக்கூட இல்லை.

அமெரிக்காவில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். இங்கே எல்லாருக்கும் மறுத்தார்கள். இரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: படுக்கையில் கிடக்கும் குறிப்பிட்ட மனிதரை எவரும் உற்றுப் பார்க்கவில்லை. அங்கே விற்பனைக் கணக்கு கண்ணை மறைத்தது. இங்கே தண்டனை அச்சம் மறைத்தது. என் விடயத்தில் கண்ணை மறைத்தது பக்தி.

மரணத்தை விரைவுபடுத்துமா?

இரண்டாவதாக, உயிரைக் குறைக்குமோ என்னும் அச்சம். இதற்கான விடை எனக்குத் தெரியாததன்று. குருமடத்தில் அறநெறி இறையியல் தேர்வில் இதே வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் நான்.

இத்தாலிய மயக்கமருந்து மருத்துவர்கள் தங்களை உறுத்திய மூன்று வினாக்களைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் முன் வைத்தனர். 1957 பிப்ரவரி 24 அன்று அவர் விடையளித்தார். வலியை ஏற்றே தீரவேண்டும், மருந்தை மறுத்தே ஆகவேண்டும் என்ற பொதுவான கடமை கிறிஸ்தவனுக்கு உண்டா? இல்லை. தக்க காரணம் இருப்பின், உணர்வை மங்கச் செய்யும் மருந்தைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் எனினும், வலி தணிக்கக் கொடுக்கலாமா? வேறு வழி இல்லையெனில், நோயாளி தம் சமய, அறக் கடமைகளை நிறைவேற்ற அது தடையாகாதெனில், கொடுக்கலாம். மிகுந்த வலி மனிதனின் உடல் வலிமையை மட்டுமன்றி ஆன்ம வலிமையையும் உறிஞ்சிவிடும் என்பதையும் அவர் அவ்வுரையில் சுட்டிக்காட்டினார்.

இதன் பின்னணியில் இருப்பது, புனித தோமா அக்குவினார் தற்காப்பைப் பற்றி எழுதிய பகுதியிலிருந்து வளர்ந்த இரட்டை விளைவுக் கோட்பாடு. ஒரே செயலுக்கு நல்ல விளைவும் தீய விளைவும் இருக்குமாயின், செயல் தன்னளவில் தீயதாக இருத்தல் கூடாது. நாடப்படுவது நல்விளைவாக மட்டும் இருக்கவேண்டும். தீயது வழியாக நல்லது வரக்கூடாது. நேரவிருக்கும் தீமைக்கு ஈடான காரணம் இருக்கவேண்டும். நோக்கம் உள்ளத்தில் மறைந்திருப்பதாயிற்றே, அதை எப்படி அறிவது என்று சிலர் கேட்பர். இங்கே மருந்தின் அளவே சாட்சி. வலியைத் தணிக்க விழைபவர், வலியைப் பின்தொடர்ந்து படிப்படியாக அளவைக் கூட்டுவார். வலி அடங்கியதும் நிறுத்துவார். கொல்ல விழைபவர் வலியைப் பாரார். உயிர் போகும் அளவைப் பார்ப்பார். கருணைக்கொலைக்கும் வலிதணிப்புக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது என்பாருண்டு. படுக்கையருகில் நின்று பார்த்தால் அது தடித்த கோடுதான்.

திருச்சபை அதன்பின் இந்தப் போதனையைக் கைவிடவில்லை; உறுதிப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980-இல் வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கை, 1992-இன் மறைக்கல்வி ஏடு, 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி பற்றிய சுற்றுமடல், 2020-இல் நல்ல சமாரியரின் பெயரால் வெளிவந்த மடல் ஆகிய அனைத்தும் இதையே சொல்லுகின்றன. மருத்துவ அனுபவமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. முறையாக அளந்து கொடுக்கப்படும் மார்ஃபின் பொதுவாக ஆயுளைக் குறைப்பதில்லை. வலி தணிந்து, உண்டு உறங்கும் நோயாளியின் நாட்கள் நிம்மதியாகக் கழிகின்றன. நாம் அஞ்சும் தீய விளைவு பெரும்பாலும் வருவதே இல்லை.

தேர்வில் இதை எழுதத் தெரிந்த எனக்குச் சக்கிறீஸ்து வாயிலில் சொல்லத் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எவ்வளவு உண்மை!

சிலுவையும் மருந்தும்

இனி எஞ்சியவை புண்ணியம் பற்றிய கருத்தும் தெளிந்த நினைவு பற்றிய கருத்தும். இவை இரண்டும் எளிதில் தள்ளத்தக்கவையல்ல. கொல்கொதாவில் ஆண்டவருக்குப் போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுத்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அந்நாளில் சாவுக்குரியவர்களின் வலியை மரத்துப்போகச் செய்ய அது கொடுக்கப்பட்டது என்பர் விரிவுரையாளர் பலர். அவர் மறுத்தாரே, அவருடைய சீடர் மறுக்கவேண்டாமா? நம் தாய்மாரும் பாட்டிமாரும் பிரசவ வலியிலும் பசியிலும் கூட ‘ஒப்புக்கொடுத்து’ வாழ்ந்தவர்கள். அவர்களுடைய விசுவாசத்தை ஒரு மாத்திரையால் தள்ளிவிடலாமா?

தள்ளவேண்டியதில்லை, ஆனால் உற்றுப் பார்க்கவேண்டும். ஆண்டவர் மறுத்தது தமக்குக் கொடுக்கப்பட்ட கிண்ணத்தை. அதற்கு முந்தைய இரவு, துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலும்படி கெத்சமனியில் வியர்வை இரத்தமாய் வடிய மன்றாடியவரும் அவரே. வலியை அவர் விரும்பித் தேடவில்லை. தந்தையின் திருவுளத்தைத் தேடினார். இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். தம்மிடம் வந்த நோயாளி எவரிடமாவது, “தாங்கிக்கொண்டு ஒப்புக்கொடு” என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பினாரா? ஒருவரைக்கூட இல்லை. தொழுநோயாளியைத் தொட்டார்; கூன் விழுந்த பெண்ணை ஓய்வுநாளென்றும் பாராமல் நிமிர்த்தினார். அவர் சொன்ன உவமையில் வரும் சமாரியர், அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தாரே தவிர, துன்பத்தின் மேன்மையை விளக்கவில்லை.

துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆழமான மடலொன்று எழுதினார். அதன் இறுதிப் பகுதி நல்ல சமாரியரைப் பற்றியதே. தன் துன்பத்தால் நன்மை செய்யவும், துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து ஒருசேரக் கற்பித்தார் என்பது அங்கே அவர் தரும் தெளிவு. முதலாவது, துன்புறுபவருக்குரிய பாடம். இரண்டாவது, அருகில் நிற்பவருக்குரிய பாடம். நான் செய்த தவறு இதுதான்: எனக்குரிய பாடத்தை விட்டுவிட்டு, அந்த மூதாட்டிக்குரிய பாடத்தை அவருக்கு ஒப்பித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம்மவர் சொல்லுவது சும்மாவா?

மேற்சொன்ன 1980-ஆம் ஆண்டு அறிக்கையில், நான் குருமடத்தில் கவனியாமல் கடந்த பகுதியொன்று உண்டு. சில கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவின் பாடுகளில் பங்குபெற விரும்பி, மருந்தைக் குறைவாக ஏற்றுத் துன்பத்தின் ஒரு பகுதியைத் தாமே சுமக்க முன்வரலாம். ஆனால் அந்த வீரத்தைப் பொதுவிதியாக எல்லார்மேலும் சுமத்துவது விவேகமாகாது என்கிறது அது. தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் உள்ளவர், மருந்தையே விரும்புவார் என்று நியாயமாகக் கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. திருச்சபை எவ்வளவு மனிதத்தன்மையோடு பேசியிருக்கிறது! நான்தான் திருச்சபையைவிடக் கடுமையானவனாக இருந்தேன்.

‘ஒப்புக்கொடுத்தல்’ என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். கொடுப்பதற்கும் கொடாதிருப்பதற்கும் உரிமையுள்ளவர்தான் கொடுக்கமுடியும். தலைமாட்டில் மாத்திரை இருக்க, அதைச் சற்றுத் தள்ளிவைத்து வலியைத் தாங்குபவர் ஒப்புக்கொடுக்கிறார். மாத்திரையே மறுக்கப்பட்டவர் எதை ஒப்புக்கொடுப்பார்? அவரிடமிருந்து நாம் பறித்துக்கொண்டதற்குக் காணிக்கை என்று பெயர் சூட்டினால், அது காணிக்கையாகிவிடுமா? தன் வலியை ஒருவர் இறைவனுக்குக் கொடுக்கலாம். பிறர் வலியைக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை, குருவுக்கும் இல்லை.

தெளிந்த நினைவைப் பற்றிய கருத்துக்கு அந்த மகளே விடை தந்தார். நான் அவரை அனுப்பிவைத்த பதினோராம் நாள் அவருடைய தாய் இறந்தார். நோயிற்பூசுதல் கொடுக்கச் சென்றபோது, மூதாட்டி சேலைத் தலைப்பைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யவோ நற்கருணை வாங்கவோ அவரால் இயலவில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்குக் காணிக்கை கொடுக்க வந்த மகள், அந்தக் காகித உறையையும் என் மேசைமீது வைத்தார். ஒரு மாத்திரையும் குறையவில்லை. கோபமின்றித்தான் சொன்னார்:

“அம்மா ஒப்புக்கொடுக்கல, சாமி. ஒப்புக்கொடுக்கிற அளவுக்கு அவங்களுக்கு நெனப்பே இல்ல. வலி மட்டுந்தான் இருந்துச்சு.”

மருந்து நினைவை மழுக்கிவிடும் என்று அஞ்சினேன். நினைவை விழுங்கியது வலி. வலி தணிந்திருந்தால், அந்த அம்மாள் பிள்ளைகளை ஆசீர்வதித்திருப்பார். பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையை இறுதி வழியுணவாகப் பெற்றிருப்பார். ஒருவேளை தம் எஞ்சிய துன்பத்தை உண்மையாகவே ஒப்புக்கொடுத்தும் இருப்பார். அதற்குரிய நேரத்தை நான்தான் தட்டிப் பறித்தேன்.

அளவும் அருகிருப்பும்

நஞ்சும் மருந்துமான ஒரு பொருளை எந்தக் கையில் கொடுப்பது? அருகில் இருக்கும் கையில் என்பதே என் விடை. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இலண்டனில் புனித லூக்காவின் பெயர் தாங்கிய இல்லமொன்றில், மார்ஃபினை வேளைதவறாமல் வாய் வழியாகக் கொடுப்பதைக் கண்டார். 1958 முதல், நம் பிறரன்புச் சகோதரிகள் நடத்திவந்த புனித யோசேப்பு இல்லத்தில் அதையே செய்து, கவனமாகப் பதிவும் செய்தார். 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். மனிதரின் வலி உடலில் மட்டும் இல்லை. உள்ளத்திலும் உறவிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே அதை ‘முழு வலி’ என்றே கருதவேண்டும் என்பது அவருடைய கொள்கை. உடல் வலிக்கு மார்ஃபின் போதும். கடனை நினைத்து வாடும் வலிக்கும், பேசாத மகனை நினைத்து அழும் வலிக்கும், கடவுள் கைவிட்டாரோ என்னும் வலிக்கும் மார்ஃபின் போதாது. அங்கே மனிதர் வேண்டும். மனிதர் இருக்கவேண்டிய இடத்தில் மருந்தை மட்டும் வைத்ததுதான் அமெரிக்கப் பேரிடரின் ஒரு பாதி.

நமக்கு அண்டை மாநிலமான கேரளம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு வலிதணிப்பு அமைப்பைத் தொடங்கினர். பின்னர் ஊர்தோறும் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, நோயாளிகளின் இல்லம் தேடிச் செல்லலாயினர். 2008-இல் அம்மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. மார்ஃபின் அங்கே வீடுகளுக்குள் போகிறது. ஊர் போதையில் மூழ்கிவிடவில்லை. மருந்தோடு மனிதரும் போவதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, மரியாயின் சேனை உண்டு, அன்பியங்கள் உண்டு. அவர்கள் நோயாளிகளைச் சந்திக்கிறார்கள்; செபமாலை சொல்லுகிறார்கள். அதோடு, “இரவு தூங்கினீர்களா? மருந்து தீர்ந்துவிட்டதா? வாங்கிவர ஆளிருக்கிறதா?” என்றும் கேட்கலாமே! மார்ஃபின் கிடைக்கும் மருத்துவமனை எது என்று ஒவ்வொரு பங்கு அலுவலகமும் அறிந்து வைத்திருக்கலாமே! நோயாளி இறந்தபின் எஞ்சிய மாத்திரைகள் பிறர் கையில் சிக்காமல், கொடுத்த இடத்துக்கே திரும்பும்படி பார்த்துக்கொள்வதும் அந்தப் பணியில் அடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் தொண்டைப் புற்றுநோயுடன் முதியவர் ஒருவர் இருந்தார். மருத்துவமனையின் மேற்பார்வையில் வேளைக்கு வேளை மார்ஃபின் பெற்றுவந்தார். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து அவரைக் காணச் சென்றேன். பன்னிரண்டு மணி மாத்திரை தலைமாட்டில் அப்படியே இருந்தது. என்னவென்று கேட்டேன். “மூணு மணிக்குப் போட்டுக்குறேன், சாமி. இன்னைக்கு மட்டும்” என்றார். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். மூன்று மணி அடித்ததும், அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். அவர் மாத்திரையை விழுங்கினார். சிறிது நேரத்தில் உறங்கிப்போனார்.

ஒப்புக்கொடுத்தல் என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்டேன். இப்போதெல்லாம் நோயாளிக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, மெழுகுதிரி ஏற்றுமுன் முதலில் ஒன்று கேட்கிறேன்: “வலி எப்படி இருக்கிறது?” தாங்கமுடியவில்லை என்று சொன்னால், செபத்தைச் சற்று நிறுத்திவைத்து, மருந்தைப் பற்றிப் பேசுகிறேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார், வலி பொறுக்காது.